விழுங்காத மாத்திரைகளின் கணக்கு

புதிய மருந்தொன்றை விற்பனைக்கு அனுமதிக்கும் முன் அதை மனிதர்களிடம் கட்டம் கட்டமாகச் சோதிக்க வேண்டும் என்பதும், அக்கட்டங்களில் மிகப் பெரியதில் ஆயிரக்கணக்கானோரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு மருந்தையும் மறுபிரிவுக்கு மருந்துச்சத்து ஏதுமில்லாத, ஆனால் தோற்றத்தில் சிறிதும் வேறுபாடு தெரியாத வெற்று மாத்திரையையும் கொடுத்து ஒப்பிடுவார்கள் என்பதும் கொரோனா காலத்துச் செய்திகளால் பலருக்கும் பழகிப்போன விவரங்கள். அக்காலத்துத் தடுப்பூசிச் சோதனைகளில் ஊசி செவிலியரின் கையால் போடப்பட்டதால், மருந்து உடலுக்குள் போனதா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. மாத்திரையின் கதை வேறு. அது ஆய்வு மையத்தில் எண்ணிக் கொடுக்கப்பட்டு, கைப்பையில் ஏறி வீட்டுக்குப் போகிறது. அங்கிருந்து வாய்க்குள் போகிறதா, குப்பைக்குப் போகிறதா என்பதை ஆய்வை நடத்துபவர் எவரும் கண்ணால் பார்ப்பதில்லை. சொன்ன அளவில், சொன்ன நேரத்தில், சொன்ன காலம்வரை மருந்தை உட்கொள்வதை மருந்து ஒழுங்கு என்று கொண்டால், வளர்ந்த நாடுகளில்கூட நீண்டகால நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடமே அது காணப்படுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் மதிப்பிட்டது. அது அன்றாடச் சிகிச்சையின் நிலை. விவரம் கேட்டு, கையெழுத்திட்டு, தவறாமல் மையத்துக்கு வந்துபோகும் ஆய்வுப் பங்கேற்பாளர்கள் அப்படி இருக்கமாட்டார்கள் என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது.

அந்த எண்ணத்தை ஆட்டம் காணச் செய்த ஆய்வுகளுள் முதன்மையானது, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய மூன்று நாடுகளில் 2009இல் தொடங்கி 2012இல் முடிந்த ‘வாய்ஸ்’ என்ற ஆய்வு. எச்.ஐ.வி. தொற்று இல்லாத 5,029 பெண்கள் அதில் சேர்ந்தனர். தொற்று வருவதற்கு முன்பே அதைத் தடுக்க நாள்தோறும் மருந்து பயன்படுத்தினால் பலன் உண்டா என்பதே கேள்வி. டெனோஃபோவிர் மாத்திரை, டெனோஃபோவிருடன் எம்ட்ரிசிடபின் சேர்ந்த ட்ருவாடா மாத்திரை, வெற்று மாத்திரை, டெனோஃபோவிர் கலந்த களிம்பு, மருந்தில்லாக் களிம்பு என ஐந்து பிரிவுகளாக அவர்கள் பிரிக்கப்பட்டனர். மாதந்தோறும் மையத்துக்கு வந்தபோது மாத்திரையை எடுத்தீர்களா என்று அவர்களிடம் கேட்கப்பட்டது, மிச்ச மாத்திரைகள் எண்ணப்பட்டன. இவ்விரு வழியிலும் கிடைத்த கணக்கு, மருந்து ஒழுங்கு 90 சதவீதத்தை ஒட்டி இருப்பதாகக் காட்டியது. எந்த ஆய்வாளரும் மகிழ்ந்துபோகும் எண் அது.

ஆனால் முடிவுகள் அந்த எண்ணோடு ஒத்துப்போகவில்லை. ஐந்து பிரிவுகளில் எந்த மருந்துப் பிரிவும் தொற்றைக் குறைத்ததாக நிறுவ முடியவில்லை; ஆய்வு முழுவதிலும் நூறு பெண்களை ஓராண்டு தொடர்ந்தால் ஏறத்தாழ ஆறு பேருக்குத் தொற்று வரும் என்ற அளவில் அது பரவியிருந்தது. ஆய்வு முடிந்தபின், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைச் சோதித்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. டெனோஃபோவிர் மாத்திரைப் பிரிவில் 30 சதவீத மாதிரிகளிலும், ட்ருவாடா பிரிவில் 29 சதவீதத்திலும், களிம்புப் பிரிவில் 25 சதவீதத்திலும் மட்டுமே மருந்தின் தடம் இருந்தது. இரத்தத்தில் மருந்து தென்படுவது முந்தைய சில நாட்களுக்குள் அதைப் பயன்படுத்தியதற்கு மட்டுமே சான்று என்பதால், நாள்தோறும் எடுத்தவர்களின் உண்மையான பங்கு இதைவிடவும் குறைவாகவே இருந்திருக்கும். சோதிக்கப்பட்ட எந்த மாதிரியிலும் ஒருமுறைகூட மருந்து தென்படாதவர்கள் ஒவ்வொரு மருந்துப் பிரிவிலும் ஏறத்தாழப் பாதியோ அதற்கு மேலோ இருந்தனர். சொல்லுக்கும் இரத்தத்துக்கும் நடுவே மூன்று மடங்கு இடைவெளி.

இது ஒரு மையத்தின் கவனக்குறைவால் நேர்ந்ததன்று. கென்யா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 2,120 பெண்களிடம் நடந்து, 2011இல் இடையிலேயே நிறுத்தப்பட்ட ‘ஃபெம்-பிரெப்’ ஆய்விலும் இதுவே நடந்தது. ட்ருவாடா பிரிவில் 33 பேருக்கும் வெற்று மாத்திரைப் பிரிவில் 35 பேருக்கும் தொற்று வந்தது; தவறாமல் அல்லது பெரும்பாலும் எடுத்ததாகச் சொன்னவர்கள் 95 சதவீதம், இரத்தத்தில் மருந்து தென்பட்டவர்கள் 40 சதவீதத்துக்கும் குறைவு. அதே காலத்தில் அதே மாத்திரையைக் கென்யாவிலும் உகாண்டாவிலும், துணைவருள் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 4,700க்கும் மேற்பட்ட தம்பதிகளிடம் சோதித்த ‘பார்ட்னர்ஸ் பிரெப்’ ஆய்வில் ட்ருவாடா தொற்றை 75 சதவீதம் குறைத்தது. அங்கே மாதிரிகளில் ஐந்தில் நான்குக்கு மேல் மருந்து இருந்தது. மூன்று ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் வாய்ஸ் ஆய்வை மட்டும் படித்த ஒருவர், இந்த மருந்து பெண்களிடம் வேலை செய்யாது என்றே முடிவுகட்டியிருப்பார். அப்படிச் சிலர் பேசவும் செய்தார்கள்.

அந்தப் பெண்கள் ஏன் எடுக்கவில்லை என்பதைவிட, எடுக்காமலே ஏன் எடுத்ததாகச் சொன்னார்கள் என்பது ஆழமான கேள்வி. வாய்ஸ் ஆய்வுக்குப் பின் அவர்களில் சிலரை மீண்டும் சந்தித்து, அவரவர் இரத்தச் சோதனை முடிவை அவரவரிடமே காட்டிப் பேசியபோதுதான் பலர் மனம் திறந்தார்கள். மாத்திரை எச்.ஐ.வி. நோயாளிகள் எடுக்கும் மாத்திரையைப் போலவே இருந்ததால், அதைப் பார்க்கும் கணவரோ காதலரோ அண்டை வீட்டாரோ தனக்கு நோய் என்று எண்ணிவிடுவார்கள் என்ற அச்சம் முதல் காரணம். பக்கவிளைவு பற்றிய பயமும், காத்திருப்பு அறையில் ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டுப் பெருகிய வதந்திகளும் அதனுடன் சேர்ந்தன. நோயில்லாத உடம்புக்கு மருந்தெதற்கு என்ற எண்ணம் இன்னொன்று. அது எந்த ஊருக்கும் பொதுவானது. ஆய்வில் சேர்ந்ததால் இலவச மருத்துவக் கவனிப்பும் எச்.ஐ.வி. பரிசோதனையும் கிடைத்தன, மாத்திரையை எடுக்கவில்லை என்று சொன்னால் அவற்றை இழக்க நேரிடுமோ, அன்பாகப் பேசும் ஆலோசகரின் முகம் வாடுமோ என்ற தயக்கம் உண்மையை விழுங்கச் செய்தது. ‘எடுத்தீர்களா?’ என்று கேட்பவரின் கையில்தான் கேட்கப்படுபவரின் சிகிச்சையும் இருக்கிறது என்றால், பதில் ‘ஆம்’ என்றுதான் வரும். இதில் பொய்யைக் காண்பது எளிது. கேள்வி கேட்கப்பட்ட விதத்தில் உள்ள பிழையைக் காண்பதுதான் பயனுள்ளது. மேலும், கையிலிருப்பது மருந்தா வெற்று மாத்திரையா என்பது தெரியாது, மருந்தாகவே இருந்தாலும் பலன் உறுதியில்லை என்று ஒப்புதல் படிவத்திலேயே எழுதப்பட்டிருக்கும் ஒன்றை நாள் தவறாமல் விழுங்க ஒரு மனிதர் சலிப்படைவதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

நோயாளி சொல்வதை அப்படியே நம்பலாகாது என்ற எச்சரிக்கை ஹிப்போக்ரட்டஸின் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்களிலேயே உண்டு. ஆயினும் நவீன ஆய்வு முறையில் அந்த எச்சரிக்கைக்கு ஒரு செயல்வடிவம் கொடுத்த இடங்களுள் சென்னை முக்கியமானது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து, இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்கும் மையத்தைத் தொடங்கின. காசநோயாளியை ஆரோக்கிய நிலையத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்தால்தான் குணமாகுமா, வறுமையும் இடநெருக்கடியும் உள்ள வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் போதாதா என்பதே மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கு நடந்த முதல் ஆய்வின் கேள்வி. ஐசோனியசிட், பாஸ் என்ற இரு மருந்துகள் ஓராண்டுக்குக் கொடுக்கப்பட்டன; பாஸ் நாளொன்றுக்குப் பல கிராம் விழுங்க வேண்டிய, வயிற்றைப் புரட்டும் மருந்து. நோயாளி அதை ஒதுக்கிவிடுவார் என்பதை முன்கூட்டியே கணித்த ஆய்வுக் குழுவினர், முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைப் பெற்று, ஃபெரிக் குளோரைடு சேர்த்தால் நிறம் மாறுகிறதா என்று பார்த்து, பாஸ் உடலில் சேர்ந்திருக்கிறதா என்பதைக் கண்டறிந்தனர். வீட்டுச் சிகிச்சை ஆரோக்கிய நிலையச் சிகிச்சைக்கு ஏறத்தாழ இணையானது என்று 1959இல் வெளியான முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. அந்த முடிவை உலகம் நம்பியதற்கு இந்தச் சிறுநீர்க் குப்பிகளும் ஒரு காரணம் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தானாக மருந்து எடுப்பதை முழுமையாக நம்ப முடியாது என்பதை ஃபாக்ஸ் வெளிப்படையாக எழுதினார். வாரம் இருமுறை மையத்துக்கு வரவழைத்துக் கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறை சென்னையில் சோதிக்கப்பட்டு, பின்னாளில் ‘டாட்ஸ்’ என்று அறியப்பட்ட நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு வித்திட்டது.

கண்காணிக்கும் கருவிகள் பெருகப் பெருக, அவற்றைக் கடந்துபோகும் வழிகளும் பெருகின. மாத்திரைகளை எண்ணுவது மிக மலிவான முறை, மிக எளிதில் ஏமாறுவதும் அதுவே. மையத்துக்குப் போகுமுன் மிச்சத்தைக் கழிவறையில் கொட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும். 1980களில், மூடி திறக்கப்படும் ஒவ்வொரு நேரத்தையும் பதிவு செய்யும் சில்லு பொருத்திய மருந்துப் புட்டிகள் வந்தன. அவற்றைக் கொண்டு வலிப்பு நோயாளிகளிடம் நடத்தி 1989இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு ஒரு வேளை மருந்து எடுக்க வேண்டியவர்கள் தங்கள் வேளைகளில் 87 சதவீதத்தையும், நான்கு வேளை எடுக்க வேண்டியவர்கள் 39 சதவீதத்தையும் மட்டுமே விதித்தபடி எடுத்தது தெரிந்தது. மருத்துவரைப் பார்க்கும் நாளுக்கு முன்னும் பின்னும் ஒழுங்கு கூடுவதும் இடையில் சரிவதும் அக்கருவிகளால்தான் அளவிடப்பட்டன. ஆய்வாளர்கள் இதற்கு வெள்ளை அங்கி ஒழுங்கு என்றே பெயரிட்டுவிட்டார்கள். அமெரிக்காவில், புகைப்பழக்கத்தால் நுரையீரல் பாதிக்கத் தொடங்கியவர்களிடம் நடந்த பெரிய ஆய்வொன்றில், ஒவ்வோர் அழுத்தத்தின் நேரத்தையும் குறிக்கும் கருவி சிலரின் இன்ஹேலர்களில் இணைக்கப்பட்டிருந்தது. அவர்களுள் ஏழில் ஒருவர், மூன்று மணி நேரத்துக்குள் நூறு தடவைக்கு மேல் இன்ஹேலரை அழுத்தியிருந்தார். பெரும்பாலும் மையத்துக்குப் போக வேண்டிய நாளுக்குச் சற்று முன்பு. காலி இன்ஹேலரைக் காட்டுவதற்காக ஒருவர் தனியே அமர்ந்து காற்றில் நூறு முறை மருந்தைப் பீய்ச்சியடிப்பது சோம்பேறித்தனம் ஆகாது. நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்த கடும் உழைப்பு அது.

இந்தியக் காசநோய்த் திட்டத்தில் அண்மையில் பயன்பட்ட ‘99 டாட்ஸ்’ முறையில், மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால் உறைக்குப் பின்னாலிருந்து ஒரு தொலைபேசி எண் வெளிப்படும். நோயாளி அந்த எண்ணுக்குக் கட்டணமில்லா அழைப்பு விடுத்தால் அன்றைய மருந்து எடுத்ததாகக் கணக்கு. அதன் நம்பகத்தன்மையைச் சரிபார்த்த ஆய்வாளர்கள் கையாண்ட வழியும் முன்னறிவிப்பில்லாத வீட்டுச் சந்திப்பும் சிறுநீர்ச் சோதனையுமே. மருந்தை எடுத்துவிட்டு அழைக்காதவர்களும் இருந்தனர், எடுக்காமல் அழைத்தவர்களும் இருந்தனர்.

சரி, எடுக்காதவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, ஒழுங்காக எடுத்தவர்களை மட்டும் வைத்து முடிவு சொன்னால் என்ன என்று தோன்றுவது இயல்பு. இந்த எளிய வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, மாரடைப்பிலிருந்து தப்பிய 8,341 ஆண்களிடம் அமெரிக்காவில் 1960களின் பிற்பாதியில் தொடங்கிய ‘கரோனரி டிரக் புராஜெக்ட்’ என்ற ஆய்வு பாடம் சொல்கிறது. கொழுப்பைக் குறைக்கும் குளோஃபிப்ரேட் மருந்தைப் பெற்றவர்களில் ஐந்தாண்டுகளில் 20 சதவீதத்தினரும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 20.9 சதவீதத்தினரும் இறந்தனர். அதாவது மருந்தால் பலனில்லை. குளோஃபிப்ரேட் பிரிவுக்குள் மட்டும் பார்த்தால், மருந்தில் 80 சதவீதத்தையாவது எடுத்தவர்களில் இறந்தவர் 15 சதவீதம், குறைவாக எடுத்தவர்களில் 24.6 சதவீதம். மருந்து அற்புதமாக வேலை செய்கிறது என்று அறிவித்துவிடலாம் போலிருக்கிறது அல்லவா? ஆனால் வெற்று மாத்திரைப் பிரிவில், அதை ஒழுங்காக விழுங்கியவர்களில் இறந்தவர் 15.1 சதவீதம், விழுங்காதவர்களில் 28 சதவீதத்துக்கும் மேல். மருந்துச்சத்தே இல்லாத ஒன்றை ஒழுங்காக எடுத்தவர்கள் அதிகம் பிழைத்தார்கள்!

வெற்று மாத்திரை உயிர் காத்தது என்பது இதன் பொருளன்று. மாத்திரையைத் தவறாமல் எடுப்பவர், உணவிலும் உறக்கத்திலும் புகையை விடுவதிலும் கவனமாக இருப்பவராகவும், எடுக்காதவர் ஏற்கெனவே உடல் தளர்ந்து மாத்திரையை விழுங்கும் மனநிலையே இல்லாதவராகவும் இருக்க வாய்ப்பு மிகுதி. 1980இல் இதை வெளியிட்டவர்கள், ஆய்வின் தொடக்கத்தில் பதிவான 40 காரணிகளைக் கணக்கில் சேர்த்துச் சரிசெய்து பார்த்தும் அந்த வேறுபாடு அழியவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பின், ஆய்வுக் காலத்தில் மாறிவந்த உடல்நிலையையும் சேர்த்துப் புதிய புள்ளியியல் முறைகளால் கணக்கிட்டவர்களுக்கு அது பெருமளவு சுருங்கியது. குலுக்கல் முறையின் வலிமையே, இரு பிரிவிலும் எல்லா வகை மனிதரும் சம அளவில் இருப்பார்கள் என்பதுதான். ஒழுங்கானவர்களை மட்டும் பொறுக்கியெடுத்த கணமே அந்தச் சமநிலை குலைந்துவிடுகிறது. எனவேதான், மருந்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், குலுக்கலில் எந்தப் பிரிவில் விழுந்தாரோ அந்தப் பிரிவிலேயே ஒருவரைக் கடைசிவரை எண்ணும் முறையை ஒழுங்குமுறை அமைப்புகள் முதன்மையாகக் கேட்கின்றன.

அந்த நேர்மைக்கு ஒரு விலை உண்டு. எடுத்தவர்களோடு எடுக்காதவர்களும் கலந்திருக்கும் பிரிவின் சராசரி, தண்ணீர் கலந்த பாலைப் போல மருந்தின் உண்மைத் திறனை நீர்க்கச் செய்து காட்டுகிறது. மருந்துப் பிரிவில் பாதிப்பேர் மாத்திரையைத் தொடவே இல்லையென்றால் பலனும் பாதியாகத் தெரியும். பாதியாகக் குறைந்த பலனை அதே உறுதியோடு நிறுவ இருமடங்கு ஆட்கள் போதாது, நான்கு மடங்கு வேண்டும், ஏனென்றால் தேவைப்படும் எண்ணிக்கை பலன் குறையும் விகிதத்தின் வர்க்கமாக ஏறுகிறது. ஐந்தில் ஒருவர் மட்டும் எடுக்காமல் விட்டாலே ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் ஆட்கள் தேவை. பலன் மட்டுமன்றிப் பக்கவிளைவும் இப்படியே நீர்த்துப்போய்க் குறைவாகத் தெரியும் என்பதுதான் இதில் அச்சுறுத்தும் பகுதி. ஆய்வில் சாதுவாகத் தோன்றிய மருந்து, அதை உண்மையாகவே நாள்தோறும் எடுக்கும் நோயாளியிடம் வேறு முகம் காட்டலாம்.

சில ஆய்வாளர்கள் குலுக்கலுக்கு முன்பே வடிகட்டினார்கள். ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று அமெரிக்க ஆண் மருத்துவர்களிடம் நடந்த ஆய்வில், 33,223 பேருக்கு 18 வாரம் ஒத்திகை போல மாத்திரை கொடுத்துப் பார்த்து, அதில் தேறிய 22,071 பேர் மட்டுமே குலுக்கலுக்குள் எடுக்கப்பட்டனர். குலுக்கலுக்கு முன் நடப்பதால் சமநிலை கெடுவதில்லை என்பது இதன் நன்மை. ஆனால் மருத்துவர்களிலேயே மூன்றில் ஒருவர் தேறாத தேர்வில் தேறியவர்களிடம் கிடைத்த முடிவு, மறதியும் வறுமையும் வேலைச்சுமையும் உள்ள சாதாரண நோயாளிக்கு எந்த அளவு பொருந்தும் என்ற ஐயம் நியாயமானதே.

வாய்ஸ் ஆய்வின் தோல்வி இன்னொரு திசையைத் திறந்தது. பெண்களிடம் மாத்திரை எடுங்கள் என்று மேலும் வற்புறுத்துவதைவிட, நாள்தோறும் நினைவில் வைக்கத் தேவையில்லாத, அலமாரியில் ஒளித்துவைக்க வேண்டிய புட்டியில்லாத ஒன்றைத் தேடுவதே மேல் என்று பலரும் எண்ணத் தொடங்கினர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் லெனகாபவிர் ஊசியை, தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 5,300க்கும் மேற்பட்ட இளம்பெண்களிடம் சோதித்த ‘பர்பஸ் 1’ ஆய்வின் முடிவு 2024இல் வந்தது: ஊசி பெற்ற 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. அதே ஆய்வில் ட்ருவாடா மாத்திரை பெற்ற 1,068 பேரில் 16 பேருக்கும், டெனோஃபோவிரின் புதிய வடிவம் சேர்ந்த மற்றொரு மாத்திரை பெற்ற 2,136 பேரில் 39 பேருக்கும் தொற்று வந்தது. வாய்ஸ் நடந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியும், ஆலோசனை முறைகள் எவ்வளவோ மேம்பட்டும், மாத்திரைப் பிரிவுகளில் ஒழுங்கு குறைவாகவே இருந்தது, நாள் செல்லச் செல்ல மேலும் குறைந்தது. ஆனால் இம்முறை மிச்ச மாத்திரைகளை நம்பி யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. மாத்திரைப் பிரிவுகளில் பத்தில் ஒருவரைக் குலுக்கலில் தேர்ந்து, சிவப்பணுக்களுக்குள் வாரக்கணக்கில் தங்கும் மருந்தின் அளவை, தாளில் உலர்த்திய இரத்தத் துளிகளில் அளக்கும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தது. அதனால் மாத்திரையை ஓரளவேனும் ஒழுங்காக எடுத்தவர்களுக்குத் தொற்று வெகு அரிதாகவே வந்தது என்பதும், பெரும்பாலோர் அப்படி எடுக்கவில்லை என்பதும் ஆய்வின் முதல் அறிக்கையிலேயே சேர்ந்து அச்சேறின.